கதைகளில் வரும் பெண்களின் வலிமை எது: பொறுத்துக்கொள்வதா, மறுத்துச் சொல்வதா?

மண்டபம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்துக்கு அருகே உள்ள ஒரு மீனவக் குடியிருப்பில், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பெண்பிள்ளைகள் சிலரை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, மூன்று ஆண்டுகளாகக் கதைகள் வாசித்து வருகிறேன். ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். கை சும்மா இருக்க வேண்டாம் என்று சிலர் ஓலைக் கொட்டான் முடைந்துகொண்டே கேட்பதும் உண்டு. அந்தத் திண்ணையில் எழுந்த ஒரு கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே கொண்டு வருகிறேன்.

சென்ற மாதம் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' நாவலை வாசித்து முடித்தோம். 1964இல் வெளிவந்த அந்த நாவலின் களம் குமரி மாவட்டத்துப் பனங்காட்டு ஊர் என்றாலும், சாயல்குடிப் பக்கத்துப் பனைகளைப் பார்த்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு அந்த மண் அந்நியமாகத் தோன்றவில்லை. வயதுக்கு வந்ததும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டு, பெயர் மட்டும் பெரிதாக எஞ்சியிருக்கும் ஒரு பழைய வீட்டுக்குள் அடைக்கப்படும் லிஸியின் கதை அது. பல ஆண்டுகள் காத்திருந்து, தான் விரும்பிய பனையேறி மகன் தங்கராஜையே அவள் கடைசியில் மணக்கிறாள். வாசித்து முடித்ததும் வழக்கம்போல, "லிஸி எப்படிப்பட்டவள்?" என்று கேட்டேன். "வலிமையானவள், டீச்சர்" என்று எல்லோரும் சொன்னார்கள்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒருத்தி மட்டும் பேசாமல் இருந்தாள். கடலுக்குப் போன அவளுடைய தந்தை எல்லை தாண்டியதாகப் பிடிக்கப்பட்டு, சில மாதங்கள் இலங்கைச் சிறையில் இருந்து திரும்பியவர். அந்த மாதங்களில் வீட்டைத் தாங்கியது அவள் தாய் கடற்பாசி எடுத்துக் கொண்டுவந்த காசுதான். நான் வற்புறுத்திக் கேட்ட பிறகு அவள் சொன்னாள்: "எங்கம்மாவையும் எல்லாரும் வலிமையான பொம்பளைன்னுதான் சொல்றாங்க, டீச்சர். சொல்லிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுறாங்க."

அன்றிலிருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். துன்பப்படும் பெண்ணை வலிமையானவள் என்று புகழும் கதை அவளுக்குக் கை கொடுக்கிறதா, அல்லது அவள் தலையில் இருக்கும் சுமையை இறக்காமல் சுமப்பதற்கு ஒரு பட்டம் மட்டும் கட்டுகிறதா? நீங்கள் வாசித்த கதைகளையும் கண்ட வாழ்க்கையையும் வைத்துச் சொல்லுங்கள்.

தொண்டி நூலகர் (ஓய்வு)

அம்மா, இந்தக் கடற்கரையில் பல ஊர்களின் நூலகங்களில் வேலை பார்த்தவன் நான். நான் பணியில் சேர்ந்த காலத்தில் பெண்கள் நூலகத்துக்குள் வருவது அரிது. தம்பியிடமோ பக்கத்து வீட்டுப் பையனிடமோ சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். அந்தச் சீட்டில் நூலின் பெயர் இராது. "சென்ற முறை கொடுத்ததைப் போல ஒன்று" என்று மட்டுமே இருக்கும். எழுதியவர் யார் என்றே தெரியாமல், அவருடைய மனம் எதை நாடுகிறது என்று ஊகித்து நூலை எடுத்துக் கொடுக்கும் அந்த வேலையை நான் மிகவும் விரும்பிச் செய்தேன்.

'பொன்னியின் செல்வன்' தொகுதிகளில், பூங்குழலி வரும் பக்கங்கள்தாம் முதலில் கிழியும். கோடிக்கரையிலிருந்து தனியாகப் படகு செலுத்தி, வந்தியத்தேவனை இலங்கைக்குக் கொண்டு சேர்த்து, பின்னர் புயலில் சிக்கியவர்களைக் கடலிலிருந்து மீட்கும் அந்தப் பெண்ணை, படகில் கால் வைக்கவே அனுமதிக்கப்படாத பெண்கள் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். அதனால் அவர்களுடைய வாழ்க்கை மாறியதா என்று கேட்டால் நான் அறியேன். ஆனால் அந்த ஒரு மணி நேரம் அவர்கள் கடலின் மேல் இருந்தார்கள். அதைச் சிறியது என்று என்னால் சொல்ல முடியாது.

பொறுமையைக் குறைத்துப் பேச வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது, உயிர் தப்பிக் கரை சேர்ந்த குடும்பங்களில் எத்தனையோ பெண்கள் மறுநாளே அடுப்பு மூட்டியிருப்பார்கள். அதைப் பொறுமை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

சின்னப்பாலம் மகள்

டீச்சர், அந்தத் தங்கச்சி சொன்னதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. நானும் பாசிக்குப் போகிறவரின் மகள். இன்று வெளியூரில் வேலை பார்க்கிறேன்.

பாசிக்குப் போவது என்றால் என்ன என்று அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விடியும் முன்பே சோறு பொங்கி வைத்துவிட்டு, நான்கைந்து பெண்கள் சேர்ந்து ஒரு படகில் தீவுப் பக்கம் போவார்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறை கிழித்துவிடாமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் கட்டக்கோரையையும் பறிப்பார்கள். காற்றுக் குழாய் எதுவும் கிடையாது. மேலே வந்து மூச்சு வாங்கி மீண்டும் முங்க வேண்டும், இப்படி மணிக்கணக்கில். கரைக்கு வந்த பிறகு அதைக் காயவைத்து வியாபாரியிடம் போட வேண்டும். விலையைச் சொல்வது அவர்தான். என் அம்மாவின் விரல் நுனிகளில் ரேகை கிடையாது. குடும்ப அட்டைக்குக் கைரேகை வைக்கும் இயந்திரம் அம்மாவின் விரலை ஏற்க மறுத்தபோது, வரிசையில் நின்றவர்கள் முன்னிலையில் அம்மா கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார். அந்தக் காட்சியை நான் எந்தக் கதையிலும் படித்ததில்லை.

என் குறை இதுதான். தமிழில் கடலைப் பற்றி நல்ல நாவல்கள் வந்திருக்கின்றன. அவற்றில் நான் வாசித்தவற்றில் எல்லாம் கடல் ஆண்களுடையது. பெண் கரையில் நின்று காத்திருப்பாள், அல்லது மீன் விற்பாள், அல்லது அழுவாள். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' எனக்கு மிகவும் பிடித்த நாவல். அதில் வரும் பிலோமி, காதலித்தவன் வேறொருத்தியை மணந்துகொண்ட பிறகும் தன் அன்பைக் குறைத்துக்கொள்ளாமல் இருக்கிறாள். கல்லூரியில் அதை வாசித்தபோது அழுதேன். ஆனால் அவளும் கரையில்தான் இருக்கிறாள். கடலுக்கு அடியில் கண் திறந்து பார்க்கும் பெண்ணை நம் கதைகள் இன்னும் சந்திக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

நூலகர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, அந்தப் பக்கம் பாசி எடுப்பதே குற்றம் என்று ஆயிற்று. அப்போது எங்கள் பெண்கள் பொறுமையாக இருந்திருந்தால் இன்றைக்குத் தொழிலே இருந்திருக்காது. அவர்கள் கூடிப் பேசினார்கள், அதிகாரிகளிடம் போய் நின்றார்கள். மாதத்தில் சில நாட்கள் மட்டுமே எடுப்பது, இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்திவைப்பது என்று தங்களுக்குத் தாங்களே விதி வைத்துக்கொண்டார்கள். அவர்களை முன்னின்று நடத்திய எங்கள் ஊர் லட்சுமி மூர்த்தி அவர்களுக்கு தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி விருது 2015ஆம் ஆண்டில் கிடைத்தது. பொறுத்ததற்காக அந்த விருது கொடுக்கப்படவில்லை, ஐயா.

தேவிப்பட்டினம் தந்தை

எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். இருவரும் அரசுப் பள்ளியில் படித்து, மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தின் உதவியோடு கல்லூரிக்குப் போகிறார்கள். வீட்டிலும் ஊரிலும் பார்க்கும் துன்பம் போதாதா, கதையிலும் அதையே ஏன் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். வெற்றி பெற்ற பெண்களின் வரலாற்றைக் கொடுங்கள். அடைபட்டுக் கிடந்த லிஸியைப் படித்து என் மகள் எதைக் கற்றுக்கொள்ளப் போகிறாள்?

கீழக்கரை வாசகி

தேவிப்பட்டினத்து அண்ணனுக்கு நானே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நான் லிஸியாக இருந்தவள்.

பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு என்னை நிறுத்தினார்கள். வீட்டில் யாரும் கொடியவர்கள் இல்லை. வாப்பா வெளிநாட்டில் இருந்தார்கள். உம்மாவுக்கு ஊரின் பேச்சைக் கண்டு பயம். சன்னல் வழியே தெரு தெரியும், தெருவுக்கு நான் தெரியக் கூடாது. அப்போது எனக்கு எந்த வெற்றி வரலாறு கிடைத்திருந்தாலும், அது வேறு யாருக்கோ நடந்ததாகவே தோன்றியிருக்கும். எனக்குத் தேவைப்பட்டது, என்னைப் போல ஒருத்தி இருக்கிறாள், அவளுடைய நாட்களும் எழுதத் தக்கவையே என்று யாராவது சொல்வது.

அது எனக்கு மிகவும் தாமதமாக, திருமணத்துக்குப் பிறகே கிடைத்தது. என் லாத்தா துணிகளுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யைத்தான் சொல்கிறேன். 2004இல் வந்த அந்த நாவலின் பெண்களுக்கு வெற்றி என்று எதுவும் கிட்டுவதில்லை. ராபியா என்ற சிறுமியின் கண்களுக்குத் தெரிவதும் தெரியாததுமாக, பெரிய பெண்களின் வாழ்க்கை அவளைச் சுற்றி நடக்கிறது. சமையற்கட்டிலும் பின்வாசலிலும் தாழ்ந்த குரலில் பேசப்படும் பேச்சு அப்படியே அதில் வருகிறது. எழுதியவரும் வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர், வீட்டுக்குள் இருந்தபடியே மறைத்து மறைத்து எழுதியவர் என்று பின்னால்தான் அறிந்தேன்.

அந்த நாவலை முடித்த இரவில் என் வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை. ஆனால் அதுவரை 'என் நசீபு' என்று நான் நினைத்திருந்தது, பலருக்கும் ஒரே விதமாகச் செய்யப்பட்ட ஒன்று என்று விளங்கியது. விதி என்றால் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். செய்யப்பட்டது என்றால், அடுத்தவளுக்குச் செய்யாமல் இருக்கலாம். என் மகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை அனுப்பிய பிறகு, மேலே படிக்க வைப்பதற்கு வீட்டில் ஏழு மாதங்கள் வாதாடினேன். முதல் முறை வாய் திறந்தபோது குரலே வரவில்லை. இப்போது அவள் மதுரையில் படிக்கிறாள்.

ஆகவே ஆசிரியையின் கேள்விக்கு என் பதில் இது: லிஸியை வலிமையானவள் என்று புகழ்வதில் பிள்ளைகளுக்குப் பயன் இல்லை. லிஸியை அடைத்துவைத்தது யார், எதற்காக என்று அவர்களைக் கேளுங்கள்.

சாயல்குடி வாசகன்

எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். மூன்று ஆண்டுகள் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அம்மாவை விதவை என்றும் சொல்ல முடியாது, சுமங்கலி என்றும் சொல்ல முடியாது. நல்ல காரியங்களில் எங்கே நிற்பது என்று தெரியாமல், அம்மா பந்தலுக்கு வெளியே பாத்திரம் கழுவுகிற இடத்திலேயே நிற்பார்.

அந்த நாட்களில் உறவினர்கள் அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல எடுத்த கதை நளாயினியுடையது. நோய் கண்ட கணவனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து அவன் விரும்பிய இடத்துக்கெல்லாம் கொண்டுபோனவள். அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் அம்மா தலையை ஆட்டுவார். ஒரு முறை மட்டும், எல்லோரும் போன பிறகு, "அவளுக்காவது கூடையில ஆள் இருந்தாரு" என்றார். ஆசிரியையின் மாணவி சொன்னதைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. சுமப்பவளைப் புகழ்ந்த கதை சுமையை வைத்தவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. இராமேசுவரத்துத் தல புராணத்தில், கடற்கரை மணலைக் குவித்து லிங்கம் பிடித்தவள் சீதை. அனுமன் கயிலையிலிருந்து வருவதற்குள் வேளை கடந்துவிடும் என்பதால், அவள் கையால் பிடித்ததே மூலவராக நின்றது. நம் மண்ணிலேயே சொல்லப்படும் கதை இது. ஆனால் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குச் சீதையைச் சொல்லும்போது, அவள் தீக்குள் இறங்கியதைத்தான் நாம் முதலில் சொல்கிறோம்.

சு. தமிழ்ச்செல்வியின் 'அளம்' நாவலை (2002) நான் கல்லூரியில் வாசித்தேன். வேதாரண்யம் பக்கத்து உப்பு மண்ணில், கப்பலேறிப் போன கணவன் திரும்பாத நிலையில், மூன்று பெண் குழந்தைகளை வளர்க்கும் சுந்தராம்பாளின் கதை அது. என் அம்மா எழுத்துக்கூட்டி வாசிப்பவர். எனவே விடுமுறையில் நானே வாசித்துக் காட்டினேன். சுந்தராம்பாளை ஆசிரியர் எங்கேயும் தெய்வமாக்கவில்லை. அவள் கோபப்படுகிறாள், தவறாகக் கணக்குப் போடுகிறாள், மறுநாள் மீண்டும் அளத்துக்குப் போகிறாள். அம்மா ஒரே ஒரு முறைதான் குறுக்கிட்டார். "இதை எழுதுன பிள்ளை நம்மள மாதிரி வீட்டுப் பிள்ளையா?" என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்தான் என்றேன். "அப்ப சரி, மேல படி" என்றார். அன்று முதல் அம்மா பந்தலுக்கு உள்ளே வந்து நின்றார் என்று சொன்னால் அது பொய். ஆனால் மறு ஆண்டு என் அக்காள் மகளின் சடங்கில் ஆரத்தித் தட்டை அம்மா கையில் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, அம்மா பின்வாங்கவில்லை.

தொண்டி நூலகர் (ஓய்வு)

சின்னப்பாலத்து மகளே, நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். பொறுமை என்ற சொல்லுக்குள், கூடிப் பேசியதையும் போய் நின்றதையும் நான் அடக்கிவிட்டேன். அது பிழை.

இதன் தொடர்ச்சியாக ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலைச் சொல்ல விரும்புகிறேன். தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் சென்று, தொழிலாளர்களோடு பழகி எழுதிய நாவல் அது. வாலிநோக்கத்தில் உப்பளம் இருப்பதால், அந்தப் பக்கத்துப் பெண்கள் வேலை முடிந்து கால் வெடிப்போடு நடந்து போவதை நானும் பார்த்திருக்கிறேன். பொன்னாச்சி என்ற பெண் கண்காணிப்பவர்களின் கொடுமைக்கு ஆளாவதை அந்த நாவல் மறைக்காமல் சொல்கிறது. அதோடு நின்றுவிடாமல், தொழிலாளர்கள் ஒன்றுகூடுவதையும் சொல்கிறது. ஒருத்தியின் துன்பத்தை அவளோடு வேலை செய்பவர்களின் துன்பமாக அந்த நாவல் காட்டியதால்தான், நாற்பது ஆண்டுகள் கழித்தும் அது என் நினைவில் நிற்கிறது.

தேவிப்பட்டினம் தந்தை

கீழக்கரைத் தங்கையின் பதிலை நேற்று இரவு என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நான் எழுதியது அவசரத்தில் எழுதியது. எங்களுக்குத் திருமணமானபோது என் மனைவிக்கு வயது பதினேழு. மேலே படிக்க விரும்பியதாக இருபத்திரண்டு ஆண்டுகளில் நேற்றுத்தான் முதன்முறையாகச் சொன்னாள். 'புத்தம் வீடு' எங்கே கிடைக்கும் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். மகள்களுக்காகக் கேட்கவில்லை.

சின்னப்பாலம் மகள்

சாயல்குடி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு, 'அளம்' வாங்கி, நான்கு இரவுகளாக அம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்து வருகிறேன். பாதிவரை வந்திருக்கிறோம். அம்மா நடுவில் கேட்பவை எல்லாம் வேலையைப் பற்றியவை. உப்பை எப்படி வாருகிறார்கள், காலில் என்ன கட்டிக்கொள்கிறார்கள், கூலி நாளுக்கா மூட்டைக்கா என்று கேட்கிறார். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்கிறேன். நேற்று ஓரிடத்தில் நான் தொண்டை அடைத்து நிறுத்தியபோது, "அழுகுறதுக்கா படிக்கிற? அவ என்ன செஞ்சான்னு சொல்லு" என்றார்.

இந்த ஒரு சொல்லை டீச்சரின் திண்ணைக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். அவள் எவ்வளவு பட்டாள் என்பதை அம்மா கேட்கவே இல்லை.

மண்டபம் ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை இந்தப் பதில்களில் சிலவற்றைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். "லிஸி எப்படிப்பட்டவள்?" என்ற என் பழைய கேள்வியை விட்டுவிட்டு, "லிஸி என்ன செய்தாள்? மற்றவர்கள் என்ன செய்திருக்கலாம்?" என்று கேட்டேன். சத்தம் கூடிவிட்டது. அவளுடைய தாத்தா கண்ணப்பச்சி பள்ளிக்கு அனுப்பியிருக்கலாம் என்றாள் ஒருத்தி. தோழிகள் யாராவது புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்திருக்கலாம் என்றாள் மற்றொருத்தி. அப்போதுதான், எங்கள் குழுவில் இருந்து சென்ற ஆண்டு நின்றுபோன ஒரு பெண்ணின் பெயரை யாரோ சொன்னார்கள். திருமணப் பேச்சு நடப்பதால் அவளை வீட்டை விட்டு அனுப்புவதில்லை. அவள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. ஓராண்டாக நான் உட்பட யாரும் அங்கே போகவில்லை. மாலையில் நான்கு பேர் புத்தகத்தோடு போனார்கள். அவளுடைய தாய் முதலில் கதவருகிலேயே நிறுத்தினாராம். பிறகு காபி கொடுத்தாராம். இரு நாள் கழித்து நானும் போய், அவளுக்குப் பதினெட்டு வயது நிறையவில்லை என்பதை அந்தத் தாயிடம் மெல்ல எடுத்துச் சொன்னேன். பேச்சு முடியவில்லை. மீண்டும் போக வேண்டும்.

இந்த இழைக்குக் காரணமான மாணவி, தன் தாய் முங்குவதைப் பற்றித் தானே எழுதப் போவதாகச் சொல்லி ஒரு நோட்டு வாங்கியிருக்கிறாள். பாறையில் பாசி எப்படி ஒட்டியிருக்கும் என்று தாயைக் கேட்டாளாம். "சொன்னா விளங்காது, கண்ணாடிய மாட்டிட்டு வா, காட்டுறேன்" என்றாராம் அவர்.

தேவிப்பட்டினத்து ஐயாவுக்கு: என்னிடம் உள்ள 'புத்தம் வீடு' பிரதியைத் தருகிறேன். முகவரியை இங்கே பொதுவில் போடாமல் தனிச் செய்தியில் அனுப்புங்கள். அடுத்து 'அளம்' வாசிப்பதாக முடிவு செய்திருக்கிறோம். தாய்மார்கள் சிலரும் வந்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வருகிற ஞாயிறு அவர்கள் பாசிக்குப் போகும் நாளாக இருப்பதால், அதற்கு அடுத்த ஞாயிறு தொடங்குகிறோம்.